குழந்தைப் புற்றுநோய்: எங்கே விரைய வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கும் பெரியவர்களுக்கு வருவதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. புகை, மது, உடல் பருமன் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் காரணங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒட்டாது. வளரும் உடலில் அணுக்கள் வேகமாகப் பெருகும்போது மரபணுவில் தற்செயலாக நேரும் பிழைதான் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கம். கர்ப்பத்தில் தாய் எதைத் தின்றாள், எந்தக் கிரகணத்தில் வெளியே போனாள், யார் கண் பட்டது என்ற பேச்சு வீட்டில் எழும். எழுந்ததுமே அடக்கிவிடுங்கள். அந்தப் பேச்சில் தாய் நொறுங்கிப்போனால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே நின்றுவிடும்.

வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிங்கப்பூரில் கிடைக்கும் சிகிச்சையும் அந்தத் தரத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் தடுமாறுவது வேறோர் இடத்தில்: நிதானமாக இருக்க வேண்டிய நாளில் அவசரப்படுகிறார்கள், ஓட வேண்டிய இரவில் விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

எப்போது சந்தேகப்படுவது

குழந்தைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ரத்தப் புற்றுநோய், அதாவது லுகேமியா. அதிலும் நான்கில் மூன்று பங்கு ‘ஏ.எல்.எல்.’ எனப்படும் வகை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் தென்படும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை முற்றாத அணுக்கள் அடைத்துக்கொள்வதால் மற்ற அணுக்கள் உருவாக இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்தால் முகம் வெளுக்கும், பிள்ளை படியேறத் தூக்கச் சொல்லும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தால் அடிபடாத இடத்திலும், முதுகு, வயிறு போன்ற இடங்களிலும் கன்றிப்போன திட்டுகள் வரும். நல்ல வெள்ளணு குறைந்தால் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று நடக்க மறுத்தால் அதற்கு எலும்புவலி காரணமாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் இந்தப் படத்தைக் குழப்புவது டெங்கி. அதிலும் காய்ச்சல் வரும், தட்டணுவும் வெள்ளணுவும் இறங்கும். ஆனால் டெங்கியில் ஹீமோகுளோபின் பொதுவாக இறங்காது; ரத்தம் கெட்டியாவதால் ஏறக்கூடச் செய்யும். காய்ச்சல் தணிந்த சில நாளில் தட்டணு தானாக ஏறத் தொடங்கும். லுகேமியாவில் மூன்றுமே கீழே கிடக்கும், அல்லது வெள்ளணு மட்டும் தாறுமாறாக ஏறியிருக்கும். டெங்கி என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு இரண்டு வாரம் கழித்தும் எண்ணிக்கை சரியாகவில்லை என்றால், இன்னொரு முறை ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் ரத்தப் பூச்சும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து டானிக் கொடுத்து ஒரு மாதம் பார்ப்போம் என்பது சோகைக்கு மட்டும் சரி. சோகையோடு தட்டணுவும் குறைந்திருந்தால் சரியல்ல.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பிறகு தெளிவு, கூடவே தள்ளாட்டம் அல்லது தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது: மூளையைப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டும்போது வயிற்றில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது: அதே நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள், வருகிறவர்கள் எல்லாரும் அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண்மணி மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாகத் தெரிகிறது: ஒரே வாரத்துக்குள் கண் மருத்துவர். முழங்கால் பக்கம் வலி, அதுவும் ஒரே காலில், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு: எக்ஸ்ரே. வளர்ச்சி வலி என்று சொல்லப்படுவது இரண்டு காலிலும் மாலையில் வரும், காலையில் பிள்ளை துள்ளிக் குதிக்கும், நொண்டாது. கழுத்தடியில் உள்ள காறையெலும்புக்கு மேலே வலியில்லாமல் கெட்டியாக நிற்கும் நெறிகட்டியை ஒருபோதும் சளி என்று விட்டுவிடக் கூடாது.

எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

பிள்ளைகளின் புற்றுநோயைக் கவனிக்கும் பொது மருத்துவமனைகள் இங்கே இரண்டு: கேகே மாதர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறார் பிரிவும். பதற்றமில்லாத சந்தேகம் என்றால் பலதுறை மருந்தகம் வழியாகப் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் அந்த வழியில் கிடைக்கும். நேரே தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டுப் பிறகு மானியப் பிரிவுக்கு மாறுவது சுற்றுவழி. ஆனால் ரத்தப் பரிசோதனையில் மூன்று அணுக்களும் சரிந்திருந்தாலோ, பிள்ளை மூச்சு வாங்கினாலோ, ரத்தம் நிற்காமல் வடிந்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், சிறார் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

பிள்ளையின் சுகாதாரக் கையேட்டை மறக்காதீர்கள். அதில் தடுப்பூசி விவரத்தோடு, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் சோதனை முடிவும் இருக்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைப் பார்த்துவிடுகிறார்கள். ஊரில் பிறந்த பிள்ளை என்றால் அந்தச் சோதனை நடந்திருக்க வாய்ப்பு குறைவு, அதைத் தாதியிடம் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கியதும் புற்றணுக்கள் கூட்டமாக உடைந்து யூரிக் அமிலம் ஏறும். அதை வேகமாக இறக்கக் கொடுக்கும் ராஸ்பூரிகேஸ் என்ற மருந்து ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒரு வரி தகவல்தான், ஆனால் அந்த இரவில் அதன் மதிப்பு பெரிது.

கடந்த ஒரு மாதத்தில் கொடுத்த எல்லா மருந்தையும் எழுதுங்கள். முக்கியமாக ஸ்டீராய்டு. ஆஸ்துமா இழுப்புக்கு என்று மூன்று நாள் கொடுத்த பிரெட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான். ஏ.எல்.எல்., நெறிகட்டியில் வரும் புற்றுநோயான லிம்ஃபோமா இரண்டும் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று அடங்கிவிடும். மஜ்ஜை எடுப்பதற்கு முன் கொடுத்துவிட்டால் நோய் மறைந்துகொள்ளும், எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்பதும் தெளிவாகாது. காரணம் தெரியாத காய்ச்சலும் வெளுப்பும் உள்ள பிள்ளைக்கு யாராவது ஸ்டீராய்டு எழுதினால், ரத்தப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம், சீனக் கடைக் கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். யாரும் திட்டப்போவதில்லை.

கண்டறிதல்: பொறுக்க வேண்டிய வாரம்

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும், இன்றைக்கே மருந்து ஏற்றுங்கள் என்று கேட்கத் தோன்றும். ஏற்ற மாட்டார்கள், அதுதான் சரி. தவறான வகைக்குச் சரியான மருந்து கொடுப்பதைவிட இரண்டு நாள் தாமதம் மேல்.

லுகேமியா என்றால் வரிசை இப்படிப் போகும். முதலில் முழு ரத்த எண்ணிக்கை, ரத்தப் பூச்சு. அடுத்து மார்பு எக்ஸ்ரே. சில வகைகளில் நெஞ்சுக்குள் கட்டி இருந்து மூச்சுக்குழாயை அழுத்தும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. தட்டணு மிகக் குறைவாக இருந்தால் முதலில் அதை ஏற்றுவார்கள். இதற்காகச் சொந்தக்காரர்கள் ரத்தம் தர முன்வந்தால் பொறுங்கள்: பின்னால் மஜ்ஜை மாற்றம் தேவைப்பட்டால் கொடையாளராகக் கூடியவர்களின் ரத்தம் முன்பே ஏறியிருப்பது நல்லதல்ல. மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிறகு மஜ்ஜைப் பரிசோதனை. இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசி செலுத்தி, மஜ்ஜைத் திரவத்தையும் சில சமயம் சிறு எலும்புத் துண்டையும் எடுப்பார்கள். பிள்ளை மயக்கத்தில் இருக்கும், எழுந்த பிறகு இரண்டொரு நாள் இடுப்பு வலிக்கும். முதுகெலும்பில் ஊசி போடுவதால் கால் விளங்காமல் போகும் என்ற பயம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. மஜ்ஜை எடுக்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது. தண்டுவடத் திரவம் எடுப்பது தனிச் சோதனை. அதுவும் தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் செய்யப்படுகிறது. மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் புற்றணு ஒளிந்திருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள், பெரும்பாலும் அந்த ஊசியின் வழியாகவே முதல் மருந்தையும் செலுத்திவிடுவார்கள்.

எடுத்த மஜ்ஜை மூன்று மேசைகளுக்குப் போகிறது. நுண்ணோக்கியில் பார்த்து ‘லுகேமியாதான்’ என்பது அன்றோ மறுநாளோ தெரியும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனை ‘பி’ வகையா, ‘டி’ வகையா, அல்லது ‘ஏ.எம்.எல்.’ என்னும் வேறு நோயா என்று ஓரிரு நாளில் பிரித்துச் சொல்லும். மரபணு முடிவுகள் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் முதல் கட்ட மருந்து தொடங்கியிருக்கும், முடிவு வந்ததும் திட்டம் மாறலாம். சிகிச்சையை மாற்றிவிட்டார்களே, நோய் முற்றிவிட்டதா என்று கலங்க வேண்டாம். திட்டமே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

கட்டிகளாக வரும் புற்றுநோய்களில் விதி வேறு: எங்கே, யார், எப்படிச் சதை எடுக்கிறார்கள் என்பதே பாதி சிகிச்சை. எலும்புப் புற்றில், கடைசியில் அறுவை செய்யப்போகும் குழுவே பயாப்சியும் எடுக்க வேண்டும். ஊசி போன தடத்தையும் பின்னால் சேர்த்து அகற்ற வேண்டியிருப்பதால், தவறான பக்கத்திலிருந்து நுழைந்த ஊசி காலைக் காப்பாற்றும் வாய்ப்பையே கெடுத்துவிடலாம். கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்குப் பயாப்சியே கிடையாது, குத்தினால் கண்ணுக்கு வெளியே பரவும். மயக்கத்தில் விழித்திரையைப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் முடிவு செய்வார்கள். இந்த நோயில் ஏறத்தாழ 40 விழுக்காடு பரம்பரையாகக் கடத்தக்கூடியது. ஆகவே தம்பி தங்கைகளின் கண்ணையும் பார்த்தாக வேண்டும். சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்குச் சில நெறிமுறைகளில் முதலில் அறுவை, சிலவற்றில் நான்கு வாரம் கீமோ என்னும் புற்றணுவைக் கொல்லும் மருந்து கொடுத்த பிறகு அறுவை. இரண்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகிறார்கள். நியூரோபிளாஸ்டோமா பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியில் தொடங்கும், சிறுநீரில் சில வேதிப்பொருள்களைக் காட்டும். ஒரு வயதுக்குட்பட்ட சிலருக்குத் தானாகவே கரைந்துவிடும் விசித்திரமும் இதற்கு உண்டு; பெரிய பிள்ளைக்குப் பரவிய நிலையில் வந்தால் கீமோ, அறுவை, தண்டணு மீட்பு (முன்பே எடுத்துவைத்த ரத்தத் தண்டணுக்களைத் திரும்பச் செலுத்துவது), கதிர்வீச்சு, எதிர்ப்புரத மருந்து என எல்லாமே தேவைப்படும்.

லிம்ஃபோமாவுக்கு நெறிகட்டியை முழுதாக எடுத்துப் பார்ப்பது சிறந்தது. மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுப்பது பல சமயம் போதாது. இங்கே ஒரு விலக்கு: பர்க்கிட் லிம்ஃபோமா ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. அது சந்தேகம் என்றால் மருத்துவர்களே ஓடுவார்கள், நீங்களும் கையெழுத்துக்குத் தயாராக இருங்கள்.

ஏ.எல்.எல். சிகிச்சை எப்படி நகரும்

மொத்தம் இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள். முதல் நான்கைந்து வாரம் ‘இண்டக்‌ஷன்’: ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், தேவைப்பட்டால் இன்னொரு மருந்து, கூடவே முதுகு ஊசி. இதன் முடிவில் மஜ்ஜையை மறுபடி எடுத்து எம்.ஆர்.டி. பார்ப்பார்கள். நுண்ணோக்கிக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் புற்றணுக்களை, பத்தாயிரத்தில் ஒன்று இருந்தாலும் பிடிக்கும் சோதனை இது. அறிக்கைகளில் ஒரே ஒரு எண்ணைக் கேட்டு எழுதிவைப்பதென்றால் இதைக் கேளுங்கள். மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ‘மா-ஸ்போர் ஏ.எல்.எல். 2003’ ஆய்வு, இந்த எண் நன்றாக உள்ள பிள்ளைகளுக்கு மருந்தைக் குறைக்கலாம், மோசமாக உள்ளவர்களுக்குக் கூட்டலாம் என்ற அடிப்படையில் அமைந்தது. 2012இல் வெளியான அதன் முடிவுகளில் ஆறாண்டு உயிர்பிழைப்பு 88 விழுக்காடு. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் குறைவான மருந்து, நம் பிள்ளைக்கு அதிகம், அல்லது தலைகீழாக, என்று ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

அடுத்த சில மாதங்கள் மருந்துகள் மாறி மாறி வரும், சில சுற்றுகளுக்கு வார்டில் தங்க வேண்டியிருக்கும். அதன் பிறகுதான் நீண்ட பராமரிப்புக் கட்டம்: தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. முடி முளைக்கும், பிள்ளை பள்ளிக்குப் போகும், நோய் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். நடைமுறைத் தவறுகள் நிறைய நடப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

முதல் தவறு, வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடுவது. மெத்தோட்ரெக்ஸேட்டை நாள்தோறும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண்ணாகி மஜ்ஜை நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து நாட்காட்டியில் குறித்து, அந்தப் பெட்டியைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் பாட்டியோ பணிப்பெண்ணோ மருந்து கொடுப்பதாக இருந்தால் வார டப்பாவை நீங்களே நிரப்பிவையுங்கள். இரண்டாவது, மாத்திரையைத் தவறவிடுவது. 95 விழுக்காட்டுக்குக் குறைவாக மெர்காப்டோபியூரின் சாப்பிட்ட பிள்ளைகளிடம் நோய் திரும்புவது அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருபது நாளில் ஒரு நாளுக்கு மேல் தவறினாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். வாந்தி எடுத்தால் தானாக இன்னொரு மாத்திரை கொடுக்காமல் தாதியை அழைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கையைத் தப்பாகப் படிப்பது. பராமரிப்புக் கட்டத்தில் வெள்ளணு நன்றாக ஏறியிருந்தால் வீட்டில் மகிழ்ச்சி. மருத்துவரோ மருந்தைக் கூட்டுகிறார். காரணம், எண்ணிக்கை ஓரளவு தாழ்ந்திருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். மறுபக்கம், வழக்கமான அளவையே தாங்க முடியாத பிள்ளைகளும் உண்டு. என்.யு.டி.டி.15 என்ற மரபணுவின் மாற்றம் ஆசியர்களிடம், இந்தியர்கள் உட்பட, கணிசமாகக் காணப்படுகிறது. இரு பக்கமும் மாற்றம் உள்ள பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்கு மருந்தே போதுமானதாக இருக்கலாம். இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மாத்திரையைக் கையுறை போட்டு எடுங்கள். சமையல் மேசையில் வைத்துப் பொடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மருந்து ஏறிய இரண்டு நாளுக்கு டயப்பர் மாற்றவும் கையுறை வேண்டும்.

வின்கிரிஸ்டின் மலச்சிக்கலை உண்டாக்கும், தாடை வலிக்கும், பாதம் தொங்கும். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே எழுதித்தருவார்கள். வாழைப்பழம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். விளக்கெண்ணெய், ஆசனவாயில் வைக்கும் மருந்து, எனிமா எதுவும் கூடாது. அங்கே சிறு கீறல் விழுந்தாலே கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். ஸ்டீராய்டு நாட்களில் பிள்ளை நள்ளிரவு இரண்டு மணிக்கு ரசம் சாதம் கேட்கும், காரணமில்லாமல் கத்தும். அது வளர்ப்பின் குற்றமல்ல, மருந்து நின்றால் அடங்கும்.

காய்ச்சல்: ஓட வேண்டிய நேரம்

கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளணுவில் நியூட்ரோஃபில் என்ற வகை 500க்குக் கீழே இறங்கும் நாட்கள் வரும். அப்போது கிருமி நுழைந்தால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியும். சிகிச்சைக் காலத்தில் பிள்ளைகளை இழப்பதற்கு நோயைப் போலவே இதுவும் ஒரு காரணம், பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும் இதுதான்.

வீட்டில் நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்று இருக்கட்டும். அக்குளிலோ காதிலோ பாருங்கள், ஆசனவாயில் பார்க்காதீர்கள். 38 டிகிரியைத் தொட்டால் மருத்துவமனை கொடுத்த எண்ணை அழையுங்கள். உங்கள் குழு வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் எல்லை. பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடங்காதீர்கள். காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. தோலுக்கடியில் மருந்து ஏற்றுவதற்கான ‘போர்ட்’ என்ற சிறு கருவி பதித்திருந்தால் மரத்துப்போகச் செய்யும் களிம்பை அதன் மேல் தடவிக்கொண்டு கிளம்பலாம், அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். பிள்ளை தெளிவாக இருந்தால் டாக்சி பிடித்துச் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கே போங்கள். துவண்டு கிடந்தால், கைகால் சில்லிட்டால், மூச்சு வாங்கினால் 995. ஆம்புலன்ஸ் அருகில் உள்ள தகுந்த மருத்துவமனைக்குப் போகும், அது பரவாயில்லை.

அவசரப் பிரிவின் முகப்பில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ‘கீமோ எடுக்கும் பிள்ளை, போர்ட் இருக்கிறது, காய்ச்சல் 38க்கு மேல்.’ வரிசையில் உட்கார்ந்து முறை வரட்டும் என்று பணிவாகக் காத்திருக்கும் இடம் இதுவல்ல. வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது மருத்துவமனைகள் தங்களுக்கே வைத்துக்கொண்ட இலக்கு. நினைவூட்டினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு பொறிகள் உண்டு. ஸ்டீராய்டு எடுக்கும் வாரங்களில் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம்; வயிற்றுவலி, சோர்வு, நிறம் மாறுவது ஆகியவையே போதும், கிளம்புங்கள். போர்ட்டிலோ மார்புக் குழாயிலோ மருந்து தள்ளிய சிறிது நேரத்தில் நடுக்கம் வந்தால் குழாயே கிருமிக்கூடு ஆகியிருக்கலாம். சின்னம்மை கண்ட யாருடனாவது பிள்ளை விளையாடியது தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். கொடுக்க வேண்டிய பாதுகாப்பு மருந்துக்குக் கெடு உண்டு.

வீட்டுச் சமையல், கோயில், நாட்டு மருந்து

நம் சமையல் இதற்கு உகந்தது: அப்போதைக்கப்போது வேகவைத்துச் சூடாகச் சாப்பிடுவது. இட்லி, இடியாப்பம், பருப்பு, நன்றாக வெந்த மீன் எல்லாம் சரி. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மாலைவரை மேசையில் வைப்பது கூடாது. காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, லக்சாவில் போடும் பச்சைச் சிப்பி, யூஷெங்கின் பச்சை மீன், உணவங்காடியில் வெட்டிவைத்த பழம், பல மணி நேரம் தட்டில் கிடக்கும் நாசி பாடாங் கறி, இவற்றை எண்ணிக்கை தேறும்வரை விட்டுவிடுங்கள். தயிர் வேண்டுமென்றால் பாஸ்டரைஸ் செய்த பாலில் தயாரித்துக் கடையில் மூடிவிற்கும் வகை.

கோயிலுக்குப் போகக் கூடாதா என்பது தவறாமல் வரும் கேள்வி. எண்ணிக்கை நன்றாக உள்ள நாளில், கூட்டமில்லாத நேரத்தில், தாராளமாகப் போகலாம். தைப்பூசம், தீமிதி கூட்டத்தில் வேண்டாம். பலர் கைபட்ட தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் பிள்ளைக்கு வேண்டாம், பெரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். விபூதி நெற்றியில் இருக்கட்டும், குழாய் பதித்த மார்பில் பூச வேண்டாம்.

சமையலில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. மஞ்சள் சத்து மாத்திரை, நிலவேம்புக் கஷாயம், ‘எதிர்ப்புசக்தி’ லேகியம் ஆகியவை வேறு கதை: கீமோ மருந்துகளைச் செரிக்கும் கல்லீரல்தான் இவற்றையும் செரிக்க வேண்டும், சிலவற்றில் உலோகமும் கலந்திருக்கும். மருந்தாளரிடம் காட்டாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மற்ற சிகிச்சைகள், சுருக்கமாக

எலும்புப் புற்றுக்குப் பத்து வாரம்போலக் கீமோ, பிறகு அறுவை, பிறகு மறுபடி கீமோ. எடுத்த எலும்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் புற்றணு செத்திருந்தால் நல்ல செய்தி. காலை அகற்றாமல் உள்ளே உலோக மூட்டு வைப்பது இப்போது வழக்கம். பெரும்பாலான மூளைக்கட்டிகளில் அறுவையே முதற்படி. மூன்று வயதுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பார்கள், வளரும் மூளை தாங்காது. சுற்றியுள்ள திசுவுக்குக் கதிர் குறைவாகப் படும் புரோட்டான் சிகிச்சை இங்கேயே கிடைக்கிறது. தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023இல் திறக்கப்பட்டது.

மஜ்ஜை மாற்றம் எல்லாருக்கும் தேவையில்லை. ஏ.எல்.எல். பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. நோய் திரும்பினாலோ தீவிர வகையாக இருந்தாலோ பேச்சு எழும். உடன்பிறந்த ஒருவரோடு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உலகப் பதிவேடுகளில் இந்திய வம்சாவளிக் கொடையாளர்கள் குறைவு என்பதால், பாதிப் பொருத்தமுள்ள தாயோ தந்தையோ கொடுப்பதும் இப்போது நடக்கிறது. திரும்பி வந்த ‘பி’ வகை ஏ.எல்.எல்.லுக்கு, பிள்ளையின் சொந்த வெள்ளணுவையே மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்குச் சிங்கப்பூர் 2021இல் அனுமதி கொடுத்தது.

பருவமடைந்த மகன் என்றால் கீமோ தொடங்கும் முன் விந்தணு சேமிப்பதைப் பற்றிக் கேளுங்கள். கூச்சத்தில் யாரும் பேசாமல் அந்த ஒரு நாள் கடந்துவிட்டால் பிறகு வாய்ப்பில்லை. மகளுக்கும் என்ன வழி என்று கேட்கலாம்.

பணம்

முதல் வாரத்திலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். கையில் காசு தீர்ந்த பிறகு பார்ப்பது வீண் சுற்று. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பிறந்ததிலிருந்தே மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதியில் இருக்கிறார்கள். வெளிநோயாளியாக எடுக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியல் நடைமுறையில் உள்ளது; மருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா, மாத வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சொந்த மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் அதற்கு மேல், குடிமக்களுக்குக் கடைசி வலையாக அரசின் உதவி நிதியான மெடிஃபண்ட். 1992இல் தொடங்கிய சிறார் புற்றுநோய் அறநிறுவனம் பண உதவி மட்டுமல்லாமல் ஆலோசனை, படிப்பு உதவி எல்லாம் செய்கிறது. நோய் தெரிந்த பிறகு புதிய காப்புறுதி வாங்க அலைய வேண்டாம், இந்த நோயை விலக்கித்தான் தருவார்கள்.

வேலை அனுமதியில் வந்த குடும்பங்களுக்கு மானியம் இல்லை. முழுச் சிகிச்சைக்குமான செலவு மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, நிறுவனக் காப்புறுதி பிள்ளைக்கு எவ்வளவு தரும் என்று ஒரே வாரத்தில் கணக்குப் போடுங்கள். ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இதே நோய்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. முடிவை நோய் தெரிந்த உடனோ, ஒரு கட்டம் முடிந்த பிறகோ எடுங்கள். இண்டக்‌ஷன் நடுவில், எண்ணிக்கை தரையில் கிடக்கும்போது விமானம் ஏறாதீர்கள். சுருக்க அறிக்கை, கொடுத்த மருந்துகளின் அளவும் தேதியும், மரபணு முடிவு, எம்.ஆர்.டி., கண்ணாடித் தகடுகள், ஸ்கேன் படங்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். அங்கே முதலிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்கு ஒரே மருந்து இருமுறை ஏறும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

பொய் சொல்லாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ‘ரத்தத்தில் கெட்ட அணு வந்திருக்கிறது, மருந்து அதை விரட்டும், முடி போய்த் திரும்ப வரும்’ என்பது போதும். ஊசி வலிக்காது என்று சொல்லி ஒருமுறை வலித்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது. மருத்துவர் பேசுவது புரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். மூத்த மகளை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள், அவளுக்கும் இது தன் தம்பியின் செய்தி.

மருந்து நின்ற பிறகு

உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகளைக் கீமோ முடிந்து குறைந்தது ஆறு மாதம்வரை போட மாட்டார்கள். பழைய தடுப்பாற்றல் கரைந்திருக்கும், சிலவற்றைத் திரும்பப் போட வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நோய் திரும்புகிறதா என்பதற்கான சந்திப்புகள் அடிக்கடி இருக்கும், பிறகு இடைவெளி கூடும். அதோடு நின்றுவிடுவதில்லை: டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இருபது ஆண்டு கழித்தும் இதயத்தைத் தளர்த்தலாம், சிஸ்பிளாட்டின் காதின் மேல்சுருதியைக் குறைக்கும், தலைக்குக் கதிர்வீச்சு வளர்ச்சி ஹார்மோனைக் கெடுக்கும்.

ஆகவே சிகிச்சை முடியும் நாளில் ஒரு சுருக்க அறிக்கை கேட்டு வாங்குங்கள். நோயின் பெயர், மரபணு வகை, ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, குறிப்பாக இதயத்தைப் பாதிக்கும் மருந்தின் கூட்டுத்தொகை, கதிர்வீச்சு பட்ட இடமும் அளவும், ஏறிய ரத்தம், கடைசி இதய ஸ்கேன். மூலப்படியைப் பத்திரமாக வைத்துப் படம் எடுத்துத் தொலைபேசியில் சேமியுங்கள். மகன் என்றால், தேசியச் சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக்கு இந்தத் தாள் கட்டாயம் வேண்டும். அன்றைக்குப் பழைய கோப்பைத் தேடி மருத்துவமனைக்கு எழுதினால் வாரக்கணக்கில் ஆகும்.